உதடு மட்டும்

விடிய ஐந்தேகாலுக்கு ஸ்காபரோவில் ஏற்றிய பஸ்
நானூற்றொன்றில் மில்டனைத் தாண்டும்போது
நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.
அங்கே ஏழு மாதம் இருந்திருக்கிறேன்.
இவர்களுக்குச் சொல்லவில்லை.
விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்தேன்.

கேம்பிரிட்ஜில் மூடிப்போன நூல் ஆலை.
அதற்குள் ஒரு பெண்கள் சிறை கட்டியிருக்கிறார்கள்,
தொலைக்காட்சித் தொடருக்கு.
கம்பியெல்லாம் பிளாஸ்டிக். தட்டினால் டொக்கென்கிறது.
எங்களுக்குக் கம்பியே இருக்கவில்லை.
இரும்புக் கதவு, கையகலக் கண்ணாடி,
அதில் எனக்கு முந்தி நின்றவளின் நெற்றி எண்ணெய்.

உடுப்புக்காரி செம்மஞ்சள் சட்டையை
இடுப்பில் ஊசி குத்திச் சிறுப்பித்தாள்.
நாங்கள் போட்டது பச்சை.
இன்னொருத்தியும் உள்ளே புகலாம்,
முழங்காலில் யாருடையதோ கறை.
மேக்கப் பெண் என் கன்னத்தில் வெட்டுக்காயம் வரைந்து
“இப்போது பயமாக இருக்கிறாய்” என்று மெச்சினாள்.
என் காயம் அடிவயிற்றில் இருக்கிறது.
மகன் வந்த வழி.
குந்தியிருந்து இருமச் சொன்ன அதிகாரி
அதையும் டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

இன்றைக்கு மூன்று காட்சி.
குளியலறையில் சண்டை.
சாப்பாட்டு மேசையில் சண்டை.
பிறகு பொன்முடிக்காரி புதிதாக வந்து நிற்பாள்,
நாங்கள் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்க்க வேண்டும்.
“இன்னும் பசியோடு” என்றான் இயக்குநர்.
கெட்டவனில்லை. இடைவேளையில் தாய்க்குப் போன் எடுக்கிறான்.

எங்கள் வரிசையில் போன் இரண்டு. ஒன்று பழுது.
மகனுக்குக் காய்ச்சல் என்று நான் சொன்ன அன்று
ரோஷெல் தன் இருபது நிமிடத்தில்
எட்டை எனக்குத் தந்தாள்.
மனிட்டூலின் தீவுக்காரி. அவளுக்கும் மூன்று பிள்ளைகள்,
மூன்றும் மூன்று வேறு வீட்டில்.
“இரண்டு நூடுல்ஸ் பாக்கெட் தா, போதும்” என்றாள்.
கன்டீன் நாள் வியாழன்.
புதன் விடியமுன் அவளை வேறெங்கோ ஏற்றிவிட்டார்கள்.

அந்த ஏழு மாதத்தில் ஒரு சண்டை கண்டேன்.
மாதவிலக்குத் துணி ஒரு நாளைக்கு இரண்டு,
மூன்றாவதுக்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.
எழுதத் தெரியாத ஒருத்தி கதவை உதைத்தாள்.
அதை யாரும் படம் எடுக்கவில்லை.

என்னைப் படம் போட்டார்கள், இல்லாமலில்லை.
நம் ஆட்களின் செய்தித் தளம்.
கலியாணப் படம்தான் கிடைத்திருக்கிறது;
தாலியைச் சிவப்பில் வட்டமிட்டு
‘இவளும் ஒரு தாயா?’ என்று கேட்டிருந்தார்கள்.
காசு அவருடைய கடையில் போனது,
கையெழுத்து என்னுடையது.
அவர் படம் எங்கும் வரவில்லை.
கோயிலில் அவருக்கு முதல் தீபம் இப்போதும்.

பின்னணியில் நிற்பவர்கள் கதைக்கக் கூடாது.
ஒரு வரி கதைத்தாலும் கூலி மூன்று மடங்கு,
ஆனபடியால் கதைக்க விடுவதில்லை.
உதடு மட்டும் அசைய வேண்டும்.
பக்கத்தில் நின்ற கல்லூரிப் பெட்டை சொல்லித்தந்தாள்:
வத்தகப்பழம், வத்தகப்பழம் என்று
சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிரு அக்கா,
கதைக்கிற மாதிரியே தெரியும்.

முதல் டேக், வத்தகப்பழம்.
இரண்டாவதும்.
மூன்றாவதில் பொன்முடிக்காரி அழ மறந்தாள்.
நான்காவதில் கமரா அவளைச் சுற்றி வந்து
ஒரு மூச்சு நேரம் என் முகத்தில் நின்றது.

ரோஷெல்,
(தமிழில் தொடங்கி, நினைவு வந்து,
அவளுக்கு விளங்கும் பாஷைக்கு மாறினேன்)
இரண்டு பாக்கெட். கோழிச் சுவை.
மறக்கவில்லை. எங்கே அனுப்ப?

“கட்” என்றான்.
“பதினான்காம் கைதி, அருமை.
என்ன சொல்லித் திட்டினாய்?”

வத்தகப்பழம் என்றேன்.